பெடலூமா மண் கட்டிடம்: யார் கட்டினார்கள், ஏன் பாதி விழுந்தது, மீதி எப்படி நிற்கிறது?

2011இல் கலிபோர்னியா அரசு கையில் காசில்லை என்று சொல்லி, தன்னிடம் இருந்த 278 மாநிலப் பூங்காக்களில் 70ஐ மூடப்போவதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் பெடலூமா மண் கட்டிடமும் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சொனோமா கவுண்டியில், ஒரு மேட்டின் மேல் நிற்கும் இரண்டு தளக் கட்டிடம் அது. நன்கொடையாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தப்பின. இதுவும் தப்பியது.

கலிபோர்னியாவில் நான்காம் வகுப்புப் பாடத்தில் மிஷன் காலமும் ரான்ச்சோ காலமும் வருகின்றன. அதனால் அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரி இடங்களுக்குப் போவதுண்டு. போய்ப் பார்ப்பவர்களுக்குப் பொதுவாக எழும் கேள்விகள் மூன்று.

1. நனைந்தால் கரைகிற சுடாத மண்ணில் கட்டியது, ஏறக்குறைய 190 ஆண்டுகளாக எப்படி நிற்கிறது? நிற்கிறதென்றால், அதைக் காக்க ஏன் ஓயாமல் பணம் வேண்டியிருக்கிறது?
2. ஒரு பெரிய நிலக்காரரின் வீடு என்கிறார்கள். அலங்கார அறைகளை எதிர்பார்த்துப் போனால் தறியும் தோலும் கொழுப்புக் காய்ச்சும் அண்டாவும்தானே கண்ணில் படுகின்றன?
3. கம்பி போடாத செங்கல் கட்டிடத்துக்கே தடை போட்ட நிலநடுக்கப் பகுதியில் மண் கட்டிடத்துக்குள் ஆட்களை எப்படி அனுமதிக்கிறார்கள்?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் மூன்றையும் தோண்டிக்கொண்டு போனால் ஓர் இடத்தில்தான் போய் நிற்கிறோம்: இப்படி ஒரு கட்டிடத்துக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் உழைப்பை யார் தருகிறார்கள், யார் செலவில் தருகிறார்கள்? அடிப்படையிலிருந்தே வருவோம்.

## ரான்ச்சோ என்பது என்ன

ரான்ச்சோ என்றால் கால்நடைப் பண்ணை. ஆனால் கலிபோர்னிய வரலாற்றில் அந்தச் சொல் அரசு தானமாக எழுதிக்கொடுத்த பெருநிலத்தையும் குறிக்கும்.

1769 முதல் ஸ்பெயின் இந்தக் கரையோரத்தில் கிறிஸ்தவ மிஷன்களை நிறுவத் தொடங்கியது. மொத்தம் 21. கடைசி மிஷன் 1823இல் சொனோமாவில் வந்தது. அதற்குள் மெக்ஸிகோ விடுதலை பெற்று ஆட்சி கைமாறியிருந்தது. நல்ல நிலமும் மந்தைகளும் மிஷன்களின் கையில் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பழங்குடியினர். 1833இல் மெக்ஸிகோ நாடாளுமன்றம் மிஷன்களைக் கலைக்கச் சட்டம் போட்டது. 1834இல் ஆளுநர் ஹோசே ஃபிகெரோவா வகுத்த திட்டத்தின்படி மிஷன் சொத்தில் ஒரு பங்கு பழங்குடியினருக்குப் போக வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில் பெரும்பகுதி படை அதிகாரிகளிடமும் அவர்களுடைய உறவினர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

நிலம் கேட்ட முறை எளிமையானது.

1. ஆளுநருக்கு மனு எழுத வேண்டும்.
2. மலை, ஓடை, பெரிய மரம் இவற்றை அடையாளமாக வைத்து, கையால் வரைந்த ஒரு நில வரைபடத்தை இணைக்க வேண்டும். அதற்கு திசேன்யோ என்று பெயர்.
3. குதிரைமேல் இருவர் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லையை அளந்து வருவார்கள். அடையாள மரம் பட்டுப்போனாலும் ஓடை திசை மாறினாலும் எல்லை என்னவாகும் என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்த அசட்டை பின்னால் பெரிய விலை கேட்டது.
4. குறித்த காலத்துக்குள் அங்கே வீடு கட்டிக் குடியேற வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கட்டிடம் என்பது உரிமைக்குச் சாட்சி. கையில் கிடைக்கும் பொருளில், உள்ளூர் ஆட்களை வைத்து, சீக்கிரம் கட்டியாக வேண்டும். நல்ல மரம் தொலைவில்; செங்கல் சுட விறகு வேண்டும்; மண் காலடியில் கிடக்கிறது. இந்த நிலப்பரப்பில் மண் கட்டிடம் பெருகியதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. கட்டிடக்கலைஞரின் வரைபடம் இல்லாமல், வட்டாரப் பழக்கத்தையும் வட்டாரப் பொருளையும் கொண்டு எழும் இப்படிப்பட்ட கட்டிடங்களைத்தான் வட்டார மரபுக் கட்டிடம் என்கிறோம்.

## வயேஹோவும் அவருடைய நிலமும்

மரியானோ குவாதலூப்பே வயேஹோ 1807இல் மான்டெரேயில் பிறந்தவர். இளம் வயதிலேயே சான் ஃபிரான்சிஸ்கோ படைமுகாமின் தளபதி. வடக்கே கடற்கரையில் ரஷ்யர்கள் 1812 முதலே ராஸ் கோட்டையை அமைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேலும் உள்ளே வராமல் தடுக்கச் சொனோமாவில் மெக்ஸிகோவின் குடியேற்றத்தை நிறுவுவது வயேஹோவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சொனோமா மிஷனைக் கலைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. மிஷன் சொத்தைப் பிரித்துக்கொடுக்க வேண்டியவரே அதே வட்டாரத்தில் மிகப் பெரிய நிலக்காரராகவும் ஆனார் என்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

1834இல் அவருக்கு 10 சதுர லீக் நிலம் எழுதிக்கொடுக்கப்பட்டது. ஒரு சதுர லீக் சுமார் 4,440 ஏக்கர். பிறகு இன்னும் 5 லீக் சேர்ந்தது. கடைசியில் அமெரிக்க அரசு கொடுத்த பட்டாவின்படி ரான்ச்சோ பெடலூமாவின் பரப்பு 66,622 ஏக்கர். மெக்ஸிகோவின் குடியேற்றச் சட்டம் ஒருவருக்கு 11 லீக்தான் உச்சவரம்பு என்றது. எல்லைப்புறத் தளபதிக்கு அந்த வரம்பு கொஞ்சம் நீண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

## வீட்டை விடத் தொழிற்கூடம்

1836இல் தொடங்கிய கட்டிட வேலை பத்தாண்டு நீடித்தது. முழுவடிவில் சுமார் 200 அடிக்கு 145 அடி; நடுவில் திறந்த முற்றம். சுவர் ஏறக்குறைய மூன்று அடித் தடிப்பு. தரைக்கும் கூரைக்கும் செம்மர உத்தரங்கள் (நம் செஞ்சந்தனம் இல்லை, கலிபோர்னியாவின் வானுயர்ந்த ரெட்வுட்). இணைப்புகளைப் பச்சைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டினார்கள். காயும்போது அது சுருங்கி இரும்புப் பட்டைபோல் பிடித்துக்கொள்ளும். மேல்தளத்தைச் சுற்றி அகலமான தாழ்வாரம் ஓடுகிறது. இந்தப் பாணிக்கு மான்டெரே பாணி என்று பெயர்: அடியில் ஸ்பானிய மண்சுவர், மேலே அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து வந்த மரத் தாழ்வாரம்.

வயேஹோவின் குடும்பம் பெரும்பாலும் சொனோமா நகர்ச் சதுக்கத்து வீட்டில்தான் வாழ்ந்தது. இங்கே வந்து தங்கியது கோடையில், அல்லது வேலையை மேற்பார்க்க. கட்டிடத்தின் பெரும்பகுதி பட்டறையும் கிடங்கும். இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான். தோல் பதனிடுதல், சேணம் தைத்தல், கம்பளி நெய்தல், மெழுகுவர்த்தி வார்த்தல், கோதுமை சேமிப்பு எல்லாம் இங்கே நடந்தன. தாழ்த்தள ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருந்ததற்கும் கதவுகள் முற்றத்தைப் பார்த்து அமைந்ததற்கும் இதுவே காரணம். சரக்கையும் காக்க வேண்டும், எல்லைப்புறத்தில் உயிரையும் காக்க வேண்டும்.

சரக்கு என்றால் முதலில் மாட்டுத்தோல், அப்புறம் கொழுப்பு. குளிர்பதனம் இல்லாத காலத்தில் இறைச்சியைக் கப்பல் ஏற்ற வழியில்லை. அதனால் மாட்டை அறுத்துத் தோலை உரித்து, கொழுப்பைக் காய்ச்சிப் பையில் அடைத்து, இறைச்சியில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுவார்கள். பாஸ்டனிலிருந்து வந்த கப்பல்கள் தோலை வாங்கிக்கொண்டு துணி, இரும்புச் சாமான், செருப்பு எல்லாம் தந்தன. ரொக்கம் அரிதான ஊரில் தோலே ரொக்கம். தோலை விற்றுவிட்டு, பாஸ்டனில் அதே தோலில் தைத்த செருப்பைப் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குவது அந்தப் பொருளாதாரத்தின் லட்சணம்.

## மண்கல்லின் இயல்பு

சுடாத மண்கல்லைச் சேறு என்று எண்ணிக் கேலி செய்பவர்களும் உண்டு, பசுமைக் கட்டிடத்தின் உச்சம் என்று தலையில் தூக்கி வைப்பவர்களும் உண்டு. இரு தரப்புமே அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

1. கலவை. களிமண் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம், மீதி மணலும் வண்டலும். களி கூடினால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும்.
2. வைக்கோல். கல்லுக்கு பலம் கூட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை, காயும்போது ஏற்படும் சுருக்கத்தை ஒரே இடத்தில் பெரிய வெடிப்பாக விடாமல் பரப்பிவிடுவது.
3. அச்சும் வெயிலும். மர அச்சில் வார்த்து, படுக்கப்போட்டு, சில நாளில் நிமிர்த்தி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில். ஆகவே கல் அறுக்கும் வேலை கோடையில்தான்.
4. சாந்து. கல்லுக்கு எந்த மண்ணோ சாந்துக்கும் அதே மண். சாந்து கல்லைவிடக் கடினமாக இருந்தால் கல் அரிக்கப்பட்டு, சாந்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.
5. பூச்சு. மண் பூச்சு, அல்லது சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை. இந்தப் பூச்சு தேய்ந்துபோவதற்காகவே போடப்படுவது. சுவர் தேயாமல் இருக்க அது தேயும். ஆகவே அதைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

நல்ல மண்கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாராளமாகத் தாங்கும். மண் கட்டிடத்துக்கென்று தனி விதிகள் வைத்திருக்கும் நியூ மெக்ஸிகோ மாநிலம், கல் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு தாங்க வேண்டும் என்று கேட்கிறது. இரண்டு தளத்துக்கு அது போதும். ஆனால் இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்கு இல்லை என்றே சொல்லலாம். நிலநடுக்கம் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

கல்லின் உறுதி முழுக்க ஈரத்தைப் பொறுத்தது. களித் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம். அது கொஞ்சமாக இருக்கும்வரை பசை, கூடினால் வழுக்கல். அதற்குமேல் ஏறினால் சுவர் தன் எடையையே தாங்காமல் அடியில் பிதுங்கும். நீர் மூன்று வழியில் வரும்.

மேலிருந்து வருவதைக் கூரை தடுக்க வேண்டும். ஓர் ஓட்டை சில மழைக்காலம் கவனிக்கப்படாமல் இருந்தால் சுவரின் உச்சியில் வாய்க்கால் விழுந்துவிடும். பக்கவாட்டில், தரையில் விழுந்து தெறிக்கும் மழை. பெடலூமாவின் அகலமான தாழ்வாரத்தைப் படம் எடுப்பவர்கள் அழகு என்று எடுக்கிறார்கள். அது சுவருக்குப் பிடித்த குடை. மூன்றாவது அடியிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி நிலத்து நீர் சுவரில் ஏறி, கூடவே உப்பையும் கொண்டுவரும். நீர் ஆவியாகப் போய்விடும். உப்பு தங்கிப் படிகமாகி, மண்ணை உள்ளிருந்தே உடைத்துப் பொடியாக்கும். பழைய மண் சுவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே குழிந்து போவது இதனால்தான். எளிதில் கண்ணில் படாத சேதம் இது, ஆகவே மோசமானது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வரி. மூன்றடி மண்சுவர் பகல் சூட்டை வாங்கி மணிக்கணக்கில் தாமதித்து உள்ளே விடும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதும் மாறும் ஊரில் இது வரம். குளிரும் மூடுபனியும் நீளும் மாதங்களில் அதே சுவர் சில்லிட்டுப்போய்க் கிடக்கும். மண் சுவர் எங்கும் எப்போதும் இதமாக இருக்கும் என்பது விளம்பரப் பேச்சு.

## யாருடைய கைகள்

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அந்தக் கால கலிபோர்னிய மண்கல் சுமார் 28 செ.மீ.க்கு 56 செ.மீ., கனம் 10 செ.மீ. என்று கொண்டால் ஒரு கல்லின் எடை 25 கிலோவைத் தாண்டும். 200க்கு 145 அடிக் கட்டிடத்தின் வெளிச்சுவர் மட்டும், ஆறு மீட்டர் உயரம் என்று வைத்து, கதவு, ஜன்னல், சாந்து எல்லாவற்றையும் கழித்தாலும் அரை லட்சம் கற்களுக்கு மேல் வரும். ஆயிரம் டன்னைத் தாண்டும் மண். முற்றத்துப் பக்கச் சுவரும் உள்சுவர்களும் இதில் சேரவில்லை. மிதித்ததும் அறுத்ததும் சுமந்ததும் மனிதர்களே.

அந்த மனிதர்கள் கோஸ்ட் மிவோக், போமோ, பட்வின், வாப்போ போன்ற பழங்குடியினர். பெடலூமா என்பதே கோஸ்ட் மிவோக் ஊர்ப்பெயர். எப்படி வந்தார்கள் என்றால் பல வழிகள். மிஷன் கலைந்தபின் நிலமும் இல்லாமல் பழைய ஊரும் இல்லாமல் நின்றவர்கள் ஒரு பகுதி. சுயிசுன் பட்வின் தலைவர் செம்-யெட்டோவுடன் வயேஹோ கூட்டு வைத்திருந்தார். செம்-யெட்டோவின் ஸ்பானியப் பெயர் சொலானோ. அந்தக் கூட்டின் வழியே வந்த ஆட்கள் ஒரு பகுதி. படையெடுப்பில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள். கூலி பெரும்பாலும் சோறு, துணி, பாசிமணி. கடன் வைத்துப் பிடித்து நிறுத்துவதும் உண்டு. சுதந்திரக் கூலி என்றும் சொல்ல முடியாத, ஏட்டில் அடிமை என்றும் எழுதப்படாத ஒரு நிலை.

இதற்கு நடுவே 1837-38இல் பெரியம்மை வந்தது. ராஸ் கோட்டைப் பக்கமிருந்து பரவி, சொனோமா வட்டாரப் பழங்குடியினரை ஆயிரக்கணக்கில் கொன்றது. கட்டிட வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

எழுத்து ஆவணங்களில் இவர்கள் பெயரின்றிக் கிடக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் கட்டிடத்தை ஒட்டிய நிலத்தில் நடந்த அகழாய்வு அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. எரிமலைக் கண்ணாடியில் செதுக்கிய கருவிகள், சிப்பி மணிகள், அவற்றோடு ஐரோப்பியக் கண்ணாடி மணிகள், உலோகச் சாமான்கள் எல்லாம் ஒரே குப்பையில் கலந்து கிடைத்தன. இரும்புக் கத்தி கையில் கிடைக்கும் இடத்திலும் கல்லைச் செதுக்கியவர்கள் தம் வழக்கத்தை வேலை நேரத்துக்கு வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது. மாளிகை போன்ற சுவரைவிட இந்தக் குப்பைக் குழி அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

## பாதி விழுந்தது எப்படி

1846 ஜூன் 14 அதிகாலையில் அமெரிக்கக் குடியேறிகள் சுமார் 30 பேர் சொனோமாவில் புகுந்து வயேஹோவைப் பிடித்தார்கள். கரடிக் கொடி ஏற்றிக் குடியரசு அறிவித்தார்கள். இதில் முரண் என்னவென்றால், கலிபோர்னியா அமெரிக்காவோடு சேருவது நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னவர் வயேஹோ. ஆகஸ்ட் வரை சட்டர் கோட்டையில் சிறை. திரும்பி வந்தபோது குதிரைகளும் மாடுகளும் பெருமளவு போயிருந்தன. 1848இல் தங்கம் கிடைத்தது. ஆட்கள் கலைந்தார்கள், ஆக்கிரமிப்பாளர்கள் வந்தார்கள்.

1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தம் மெக்ஸிகர்களின் சொத்துரிமையை மதிப்பதாக உறுதி சொன்னது. நிலத் தானங்களை நேரடியாகக் காத்த 10ஆம் பிரிவை மட்டும் அமெரிக்க செனட் நீக்கிவிட்டது. அதன்பின் வந்தது 1851ஆம் ஆண்டு நிலச் சட்டம்.

1. நிலம் தன்னுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளர்மேல். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடாவிட்டால் நிலம் அரசுப் புறம்போக்கு.
2. மூன்று ஆணையர்கள் விசாரிப்பார்கள். பத்திரங்கள் ஸ்பானிய மொழியில், விசாரணை ஆங்கிலத்தில், கையால் வரைந்த அந்த திசேன்யோக்களே எல்லைக்குச் சான்று.
3. தோற்ற தரப்பு மாவட்ட நீதிமன்றத்துக்கும் அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அரசும் போனது.
4. வென்றபின் நில அளவை. அதற்கும் அப்புறம்தான் பட்டா.

மொத்தம் 813 மனுக்கள். 600க்கு மேல் உறுதியாயின. எண்ணிக்கையைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டு பிடித்தது. அதுவரை வழக்கறிஞர் கூலி, மாத வட்டிக் கடன், நில வரி. பணமில்லாதவர்கள் கூலியை நிலமாகவே கொடுத்தார்கள். வழக்கில் வென்று நிலத்தைத் தோற்றவர்கள் ஏராளம்.

வயேஹோவின் கணக்கு இது. சொஸ்கோல் என்ற அவருடைய இன்னொரு பெருநிலத்தை 1862இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெடலூமா செல்லும் என்று ஆனது. 1852இல் போட்ட மனுவுக்குப் பட்டா வந்தது 1874இல். மண் கட்டிடத்தையோ அவர் 1857லேயே 25,000 டாலருக்கு விற்றுவிட்டார். அவர் தமக்குக் கட்டிக்கொண்ட புதிய வீடு, அமெரிக்க மோஸ்தரில் கூரான கூரை வைத்த மரவீடு. 1890இல் அங்கேதான் இறந்தார்.

பழங்குடியினருக்கு, மிகச் சிலரைத் தவிர, இந்த வழக்குகளில் இடம் இல்லை. 1850இல் கலிபோர்னியா நிறைவேற்றிய சட்டம் ஒன்று, பெயரில் அவர்களைப் பாதுகாப்பதாகச் சொல்லிவிட்டு, குழந்தைகளையும் 'வேலையற்றுத் திரிபவர்களையும்' வெள்ளையரிடம் வேலைக்குக் கட்டிவைக்க வழி செய்தது.

கட்டிடத்துக்குத் திரும்புவோம். வாங்கியவர்கள் விவசாயிகள். 200 அடி நீளத் தொழிற்கூடம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எதற்கு? தேவையான அறைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மீதியில் கூரை ஒழுகியது, பூச்சு உதிர்ந்தது, யாரும் ஏறிப் பூசவில்லை. நூற்றுக்கணக்கான கைகளை நம்பி எழுப்பிய பரப்பளவை நாலைந்து பேர் பராமரிக்க முடியாது. 1910இல் 'நேட்டிவ் சன்ஸ் ஆஃப் தி கோல்டன் வெஸ்ட்' என்ற அமைப்பு வாங்கும்போது பாதிக்கு மேல் மண்ணோடு மண்ணாகியிருந்தது. எஞ்சியதை அவர்கள் பழுதுபார்த்தார்கள். 1951இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1970இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

## சிமெண்ட் கெடுத்த கதை

இருபதாம் நூற்றாண்டில் மண் கட்டிடங்களைக் காப்பாற்ற வந்த பலர் செய்த முதல் வேலை சிமெண்ட் பூசியது. ஆண்டுதோறும் பூசும் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. சிமெண்ட் கடினமானது, மண்சுவர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே நீர் உள்ளே போகும். வெளியே வர வழியிருக்காது. அடியிலிருந்து ஏறும் ஓதமும் ஆவியாக முடியாமல் இன்னும் மேலே ஏறும். வெளியே பார்த்தால் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். உள்ளே சுவர் சேறாகிக் கொண்டிருக்கும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு நியூ மெக்ஸிகோவில், தாவோஸ் அருகே ரான்ச்சோஸ் தே தாவோஸ் என்ற ஊரில் உள்ள புனித அசிசி பிரான்சிஸ் தேவாலயம். 1967இல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். பன்னிரண்டே ஆண்டில், 1979இல், அதை உரித்தெடுத்துவிட்டுப் பழையபடி மண் பூச்சுக்குத் திரும்பினார்கள். இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் ஊர்மக்கள் கூடி, மண் குழைத்துக் கையால் பூசுகிறார்கள். அங்கே அந்த வேலையைத் தாங்க ஒரு திருச்சபை இருக்கிறது. பெடலூமாவைச் சுற்றி அப்படி ஒரு சமூகம் இல்லை. இருந்தவர்களைக் கட்டிடம் எழுந்த காலமே கலைத்துவிட்டது. அரசுச் சம்பளக்காரர்களும் தன்னார்வலர்களும் அந்த இடத்தில் நிற்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை இதுதான்: ஓயாத செலவு என்பது பழுதின் அடையாளம் இல்லை, மண் கட்டிடத்தின் இயல்பே அது.

## நிலநடுக்கமும் விதிகளும்

1933இல் லாங் பீச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கம்பி போடாத கல், செங்கல் கட்டிடங்களைப் புதிதாகக் கட்டுவதைக் கலிபோர்னியா நிறுத்தியது. மண் கட்டிடத்தின் மேல் அச்சம் வருவதற்கும் நியாயம் உண்டு. 2003இல் ஈரானின் பாம் நகரில் மண் வீடுகள் சரிந்து 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் எல்லா மண்சுவரும் ஒரே மாதிரி விழுவதில்லை. பழம்பொருள்களையும் பழைய கட்டிடங்களையும் காக்கும் வழிகளை ஆராயும் கெட்டி (Getty) பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1990களில் மண் கட்டிட மாதிரிகளைக் குலுக்கு மேடையில் வைத்துச் சோதித்தது. அதிலிருந்து தெளிவானவை:

1. மண்சுவர் வெடிக்கும். அதைத் தடுக்க முடியாது. வெடிப்பதும் விழுவதும் வேறு வேறு.
2. உயரத்தைத் தடிப்பால் வகுத்தால் வரும் எண் முக்கியம். 6க்குக் கீழே இருந்தால் தடித்த சுவர். வெடித்த துண்டுகள் ஆடினாலும் இடத்திலேயே நிற்க வாய்ப்பு அதிகம். 8க்கு மேல் போனால் மெல்லிய சுவர், கவிழும்.
3. சுவர் உச்சியைக் கூரையோடும், இடைத்தளத்தைச் சுவரோடும் பிணைத்தாலே ஆபத்து பெருமளவு குறைகிறது. கூடுதலாக நைலான் வார்கள் சுற்றலாம். சுவரின் நடுவே செங்குத்தாகத் துளைத்துக் கம்பி இறக்கலாம். மண்ணை உரித்துக் கான்கிரீட் கூடு கட்ட வேண்டியதில்லை.

மூன்றடித் தடிப்பில் ஒரு தளம் பத்தடி என்று வைத்தால் பெடலூமாவில் அந்த எண் தளத்துக்கு 3க்கும் 4க்கும் இடையே வரும். இடைத்தளத்தின் பிணைப்பு நன்றாக இருந்தால் இது நல்ல எண். பிணைப்பு அறுந்து முழு உயரமும் ஒரே சுவராக ஆடினால் 6ஐத் தாண்டிவிடும். ஆக, உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கிப்போகாமல் இருப்பது நிலநடுக்கப் பாதுகாப்பும்கூட. மறுபடி ஈரத்துக்கே வந்துவிட்டோம்: அடி நனைந்த சுவர் ஆட்டத்தில் முதலில் போகும். 1906 நிலநடுக்கத்தில் பக்கத்து சான்டா ரோசா நகரின் மையம் நொறுங்கியது. பெடலூமாவில் எஞ்சியிருந்த பாதி நின்றது. அதில் நிலத்தின் தன்மைக்கும் பங்கு உண்டு என்பதால் இதை மண்ணின் வெற்றி என்று கொண்டாட வேண்டாம்.

1989 லோமா ப்ரியெட்டா நிலநடுக்கம் வாட்சன்வில் அருகே ரான்ச்சோ சான் ஆன்ட்ரேஸின் காஸ்ட்ரோ மண் வீட்டையும், 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வென்ச்சுரா கவுண்டியில் ரான்ச்சோ கமூலோஸையும் கடுமையாகச் சேதப்படுத்தின. இரண்டும் இடிக்கப்படாமல் பழுதுபார்க்கப்பட்டன. அதற்கு வழி விட்டது கலிபோர்னியாவின் வரலாற்றுக் கட்டிட விதித்தொகுப்பு. சாதாரண விதிகளைத் தளர்த்தி, பழைய பொருளின் இயல்புக்கேற்ற வேறு வழிகளில் பாதுகாப்பைக் காட்ட அது இடம் கொடுக்கிறது. மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான்.

## இப்போது மிச்சமிருக்கும் பிரச்சினை

விழுந்த பாதியைத் திரும்பக் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கட்டினால் பராமரிக்க வேண்டிய சுவர் இரட்டிப்பாகும். கற்களும் புதியவையாக இருக்கும். அகழாய்வு செய்யாத மண் தோண்டப்படும். நிற்பதிலேயே பல முறை மாற்றிய கற்களும் பலகைகளும் இருக்கின்றன. கட்டாமல் விடுவதே சரி என்று எனக்குப் படுகிறது.

அதைவிடச் சிக்கலானது, யாருடைய இடமாக இதைக் காட்டுவது என்பது. நீண்ட காலம் இது வயேஹோ என்ற ஒரு ஜெனரலின் கதையாகவே சொல்லப்பட்டது. கோஸ்ட் மிவோக், தெற்குப் போமோ மக்களின் வழிவந்தோர் கிரேடன் ரான்ச்சேரியாவின் கூட்டமைப்பாகத் திரண்டு, பறிபோயிருந்த கூட்டரசு அங்கீகாரத்தை 2000இல் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் இருக்கும்போது, சுவரைக் கட்டியவர்களைப் 'பணியாட்கள்' என்று ஒரு பலகையில் முடித்துவிட முடியாது.

அடுத்தது பணம். அரசு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பெரிய சீரமைப்புக்கு ஒரே தடவையில் தொகை வாங்குவது சுலபம்; வருடாவருடம் இறவாரத்தைச் சரிசெய்யவும் சுவரடியில் பூசவும் சிறு தொகை வாங்குவது கடினம். மண் கட்டிடத்துக்குத் தேவை இரண்டாவது. முதலாவது தேவைப்படுகிறதென்றால் இரண்டாவது பல ஆண்டாக நடக்கவில்லை என்று பொருள்.

போகிறவர்கள் அறைகளைப் பார்த்துவிட்டு வெளிச்சுவரின் அடியையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். உப்புப் பூத்திருக்கிறதா, பூச்சு தட்டினால் உள்ளீடற்றதுபோல் ஒலிக்கிறதா (விரல் நுனியால் மெதுவாக, காவலர் அனுமதித்தால்), தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி தரை சாய்ந்திருக்கிறதா, தாழ்வாரத்தின் நிழல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அடுத்த ஆண்டுப் பராமரிப்புப் பணம் எங்கே போக வேண்டும் என்பது அந்த நான்கிலேயே தெரிந்துவிடும்.